விமானத்திற்கு அழுக்கு பூசலாம், வாங்க!

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நம்மில் பலர் முதலில் தேடுவது கேம்ஸ்களைத்தான். நான் தேடிப் பிடித்தது பிளைட்கியர் என்னும் விமான சிமுலேட்டர். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இது. 1936-ல் முதலில் பறந்து, இரண்டாம் உலகப் போரில் புகழ் பெற்ற பிரிட்டனின் ஸ்பிட்பயர் விமானமும் இதற்குக் கிடைக்கிறது. ஆனால் அது கடையில் அப்போதுதான் வாங்கிய பொம்மை போலப் பளிச்சென்று இருந்தது. போருக்குப் போய் வந்த விமானம் இப்படியா இருக்கும்?

பிளாஸ்டிக்கில் மாடல் விமானம் செய்பவர்கள், ஒட்டி முடித்த பின் புகைக் கறை, பெயிண்ட் உரிந்த இடம், எண்ணெய்க் கசிவு என்று ஒவ்வொன்றாக வரைந்து அதைப் பழசாக்குவார்கள். இதற்கு வெதரிங் என்று பெயர். இதையே கிம்ப் என்னும் இலவச பட புரோகிராம் கொண்டு மானிட்டரிலும் செய்திடலாம். நானும் துணிந்து இறங்கி, இரண்டு தவறுகள் செய்தேன். முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

துருப் பிடித்த விமானம்: இறக்கை முழுவதும் பழுப்பு நிறத்தில் துருவைத் தீட்டினேன். பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், விமானப்படை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிரித்துவிட்டார். "தம்பி, அலுமினியம் எங்கேயாவது இப்படித் துருப் பிடிக்குமா?" என்றார். ஸ்பிட்பயரின் மேல் தகடு அலுமினியக் கலவை. பெயிண்ட் உரிந்தால் வெள்ளி நிறம்தான் தெரியும். "ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கணும்" என்று அவர் சொன்னதை, பேப்பரில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

தொலைந்த லேயர்கள்: மூன்று வார வேலை முடிந்த இரவு, கிம்ப்பின் பைல் மெனுவில் ஓவர்ரைட் கட்டளையைக் கிளிக் செய்து பி.என்.ஜி. பைலாக எழுதினேன். மூடும்போது சேமிக்கவா என்று கேட்டது. அதுதான் எழுதியாகிவிட்டதே என்று டிஸ்கார்ட் கொடுத்தேன். மறுநாள் திறந்தால் லேயர்கள் எல்லாம் ஒன்றாகி, ஒரே படமாக நின்றது. ஒரு கறையைக் கூடத் தனியாகத் திருத்த முடியவில்லை. தவறு முழுக்க என்னுடையதுதான். 2012-ல் வந்த 2.8 பதிப்பிலிருந்து கிம்ப்பில் சேவ் என்றால் லேயர்களுடன் கூடிய எக்ஸ்.சி.எப். பைல், பி.என்.ஜி. வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட். இரண்டையும் தனித் தனியே செய்திட வேண்டும்.

இனி வழிமுறைகளைப் பார்ப்போம்.

1. விமானத்தின் போல்டரில் மாடல்ஸ் என்ற போல்டரைத் திறந்து, அதில் உள்ள படங்களைப் பாருங்கள். தைத்த சட்டையைப் பிரித்துப் போட்டது போல, விமானத்தின் தோல் தட்டையாகப் பரப்பப்பட்டிருக்கும். முதல் வேலையாக அந்தப் படங்களை வேறு போல்டரில் காப்பி எடுத்து வைத்திடுங்கள்.

2. படத்தில் எது முன்பக்கம் என்பது பார்த்தவுடன் தெரியாது. எனவே ஒவ்வொரு பகுதியிலும் ஒரு அம்புக்குறியும் எண்ணும் எழுதி எக்ஸ்போர்ட் செய்து, சிமுலேட்டரை இயக்குங்கள். வி கீயை அழுத்தினால் விமானத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். சில விமானங்களில் இடது, வலது இரண்டிற்கும் ஒரே படம்தான் இருக்கும். ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கமும் வரும். அம்புக்குறி இதையும் காட்டிக் கொடுத்துவிடும்.

3. ஒவ்வொரு வகை அழுக்கிற்கும் ஒரு புதிய லேயர் உருவாக்கி, பெயர் கொடுங்கள். புகை லேயருக்கு மல்டிப்ளை மோட் தேர்ந்தெடுத்து, ஒபாசிட்டியை 30 சதவீதத்தில் தொடங்குங்கள். அதிகமாகத் தோன்றினால் குறைத்துக் கொள்ளலாம்.

4. ஸ்பிட்பயரின் மெர்லின் இன்ஜினுக்கு 12 சிலிண்டர்கள்; பக்கத்திற்கு ஆறு. புகை அங்கிருந்து காற்றோடு பின்னோக்கி ஓடும். மிருதுவான பிரஷ்ஷால் தீட்டி, ஸ்மட்ஜ் டூலால் முன்னிருந்து பின்னாக இழுங்கள். வெறும் கறுப்பு போதாது. அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்ததால் வெளிர் சாம்பல் படிவும் சேரும்.

5. பைலட் ஏறும் சிறு கதவு இடது பக்கம் இருந்தது. எனவே இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில்தான் கால் பட்டு பெயிண்ட் அதிகம் தேயும். பென்சில் டூலில் சிறிய அளவு வைத்து வெள்ளி நிறப் புள்ளிகள் இடுங்கள். வால் பகுதியில் உள்ள ரடருக்கு மட்டும் வேண்டாம். அது துணி போர்த்தியது. உரிந்தாலும் வெள்ளி தெரியாது.

6. இறக்கையின் துப்பாக்கித் துளைகளைச் சிவப்புத் துணி ஒட்டி மூடுவார்கள். சுட்டால் துணி கிழியும், கரி படியும். துணியை முழுசாக வரைந்துவிட்டு, பின்னால் கரியையும் பூசிவிடாதீர்கள்.

7. அளவு முக்கியம். ஸ்பிட்பயரின் நீளம் சுமார் 9.1 மீட்டர். உங்கள் படத்தில் அது 1,024 பிக்ஸல் நீளத்திற்கு இருந்தால், ஒரு பிக்ஸல் சுமார் 9 மில்லிமீட்டர். பத்து பிக்ஸலில் ஒரு உரிசல் வைத்தால் அது உள்ளங்கை அகலம்! பெரும்பாலும் ஒன்றிரண்டு பிக்ஸல் போதும்.

8. முதலில் எக்ஸ்.சி.எப். ஆக சேவ் செய்திடுங்கள். பிறகு பழைய பெயரிலேயே, பழைய அளவிலேயே பி.என்.ஜி. ஆக எக்ஸ்போர்ட் செய்திடுங்கள்.

நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தேன். மூன்று வார வேலை இரண்டாம் முறை ஆறு நாட்களில் முடிந்தது. எதை எங்கே பூச வேண்டும் என்பதைவிட, எங்கே பூசக் கூடாது என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. பெரியவரை அழைத்துக் காட்டினேன். மவுசைத் தானே வாங்கி, விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அடிப்பக்கம் எண்ணெய் ஒழுகலையே தம்பி?" என்றார்.

நல்லவேளை, இந்த முறை லேயர்கள் பத்திரமாக இருந்தன. புதிதாக ஒரு லேயர் சேர்த்தேன்.