கதவு எந்தப் பக்கம் இருந்தது?

ஓகஸ்ட் விடுமுறை வந்தால் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு மூன்று பயணங்கள் நிச்சயம். ஆடிவேல் தேர் பார்க்க ஒன்று, தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கோ மடுவுக்கோ ஒன்று, பட்டம் விடக் காலிமுகத்திடலுக்கு ஒன்று. நான் நாலாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். கிராண்ட்பாஸிலிருந்து புறக்கோட்டைக்குப் போய், அங்கே 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு மாறினால் கொள்ளுப்பிட்டி. காலி வீதியில் இருக்கும் கிரெஸ்கட் கடைத்தொகுதிக்குள் நவீன, சமகாலக் கலைக்கான நூதனசாலை இருக்கிறது. உள்ளே போகக் காசு கேட்பதில்லை.

"நாங்கள் அங்கே போகலாமா அன்ட்டி?" என்று கேட்காத பிள்ளை இல்லை. ஓவியம், கண்காட்சி எல்லாம் கறுவாத்தோட்டத்து ஆட்களின் சங்கதி என்ற எண்ணம் எங்கள் கொழும்பு 14இல் ஊறிப்போய் இருக்கிறது. அந்த எண்ணம் சும்மா வந்ததும் இல்லை. 1943 ஓகஸ்டில் லயனல் வென்ட் வீட்டில் கூடி, ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல முதலானோர் தொடங்கிய '43 குழு'தான் இலங்கையின் நவீன ஓவியத்துக்குக் கால்கோள். அந்தக் குழுவின் படங்களைப் பார்க்க வேண்டுமானால் பார்ன்ஸ் பிளேஸில் அதன் உறுப்பினர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டுக்கு, சப்புமல் மன்றத்துக்குப் போகவேண்டும். கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்தின் ஜே.டி.ஏ. பெரேரா கலைக்கூடம் ஹோர்ட்டன் பிளேஸில். 1993இல் தொடங்கிய 'கலா பொல' என்ற ஓவியச் சந்தையும் அந்தப் பக்கத்து மரநிழல் வீதியில்தான். எல்லாமே கறுவாத்தோட்டம், கொழும்பு 7.

ஆனால் அந்தக் கதவுகளுக்குள் தமிழ் ஆட்கள் போகாமல் இல்லை. பழையவர்கள் 'ஹேவுட்' என்று சொல்லும் அரச நுண்கலைக் கல்லூரியில் படித்தவர்தான் யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்கு. 'தேடலும் படைப்புலகமும்' என்று 1987இல் அவருக்காக ஒரு நூலே வந்தது. தமிழில் ஓர் ஓவியருக்கு அப்படி ஒரு நூல் கிடைப்பது அன்றைக்கும் அபூர்வம், இன்றைக்கும் அபூர்வம். எங்கள் சித்திரப் பாடத்தில் அவர் பெயரை யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு அது இன்னும் ஆறாத மனக்குறை.

கொள்ளுப்பிட்டி நூதனசாலை 2019 டிசம்பரில் வேறொரு கட்டடத்தில் திறக்கப்பட்டது. ஷர்மினி பெரெய்ரா தொகுத்த முதற் கண்காட்சிக்குத் தலைப்பு கவிஞர் சேரனின் கவிதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு இலட்சம் சின்னக் கதைகள் என்பது அந்த ஆங்கிலத் தலைப்பின் பொருள். சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கைக் கலை முழுவதையும் சொல்லவந்த கண்காட்சி, தன் பெயரை ஒரு தமிழ்க் கவிதையிடம் கேட்டு வாங்கியது. சுவரில் ஒவ்வொரு குறிப்பும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்றிலும் இருக்கிறது. முதல் தடவை போனபோது நான் படங்களைவிட அந்தத் தமிழைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பெயர்ப்பலகையில் கால் உடைந்த தமிழையும் கொம்பு தொலைந்த தமிழையும் பார்த்துப் பார்த்துச் சலித்த கண் அது. இங்கே தமிழ் நிமிர்ந்து நின்றது. விளக்கிச் சொல்ல நிற்கும் இளம் ஆட்களிடம் தமிழிலேயே கேள்வி கேட்கலாம் என்று தெரிந்ததும் பிள்ளைகளின் குரல் தானாகவே உயர்ந்துவிடும்.

'88 ஏக்கர்' கண்காட்சி நடந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, நாலு பிள்ளைகளோடு போனேன். கண்டி வட்டப்புளுவையில் 1958இல் மினற் டி சில்வா அமைத்த வீட்டுத்திட்டம் பற்றியது அது. இங்கிலாந்து அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் 1948இலேயே உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண் அவர். அரச ஊழியர்களுக்கான திட்டம். சிங்களவர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் எல்லாரும் பக்கம் பக்கமாகக் குடியிருக்கவேண்டிய இடம். வரைபடத்தில் கைவைக்க முன்னர் அவர் வரப்போகும் குடும்பங்களுக்குக் கேள்விக்கொத்து அனுப்பினார். எப்படிச் சமைப்பீர்கள், எங்கே கும்பிடுவீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டு அறிந்த பிறகே வீடுகள் எழுந்தன.

என்னோடு வந்தவர்களில் ஒருத்தி, தரம் ஒன்பது படிப்பவள், அதைச் சொல்லும் இடத்தை விட்டு நகரவே இல்லை. "எங்களிட்ட யாரும் கேக்கலியே அன்ட்டி" என்றாள்.

அவள் குடும்பம் முன்பு தோட்டத்தில் இருந்தது. கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம் அல்ல. ஒரே சுவரைப் பங்குபோட்ட பலகை வீடுகள், பொதுக் குழாயடி, பொது மலசலகூடம், மழை பிடித்தால் நாகலகம் வீதி நீர்மானியில் களனி எத்தனை அடி என்று வானொலியில் காதுகொடுத்துக் கேட்கும் இரவுகள். இப்போது அடுக்குமாடியில் எட்டாம் மாடி. தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வருகிறது, வெள்ளப் பயமும் இல்லை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பாட்டி மாலையில் குந்தியிருந்து அரிசி புடைத்த வாசல்படி அங்கே இல்லை. லிஃப்ட் நின்றால் அவர் இறங்குவதும் இல்லை.

அன்று அவளுக்கு நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தா. சனாதனன் பற்றிச் சொன்னேன். 2011இல் வெளிவந்த அவருடைய 'முடிவுறாத் தோம்பு' நூலைச் சொன்னேன். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. யுத்தத்தால் இடம்பெயர்ந்த எண்பது பேரிடம், அவர்கள் விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து தரச் சொன்னார் சனாதனன். கிணறு, மாமரம், சாமியறை, நாய் படுக்கும் இடம் என்று கை நடுங்க வரைந்த கோடுகள். அதே வீட்டை ஒரு கட்டடக்கலைஞர் அளவோடு வரைந்தார், மூன்றாவதாகச் சனாதனன் தன் ஓவியத்தை வைத்தார். கந்தோர்க் கோப்பு மாதிரிக் கட்டிய புத்தகம். காணி உறுதி தொலைந்துபோன வீட்டுக்கு உரிமையாளரின் ஞாபகமே உறுதியாகிறது. எனக்குத் தெரிந்த தமிழ்க் கலையில் இதைவிட நேராக நெஞ்சில் இறங்கியது வேறில்லை. இதைச் செய்தவர் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கிராண்ட்பாஸ் ஒழுங்கைகளுக்கும் அப்படி ஒரு தோம்பு எழுதப்படவேண்டும் என்ற ஆசையும் உண்டு.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் என்னிடம் பேனை வாங்கினாள். நூதனசாலையில் எடுத்த துண்டுத்தாளின் வெறும் பக்கத்தை மடியில் விரித்துக் கோடு போடத் தொடங்கினாள். பஸ் குலுங்கியதில் சுவர்கள் நெளிந்தன. புறக்கோட்டை வருவதற்குள் ஓர் அறை, தட்டியால் மறித்த சமையல் மூலை, வெளியே குழாயடி, குழாயடியில் வரிசையாக ஐந்து பிளாஸ்டிக் வாளி. ஒரு வாளியை மட்டும் கறுப்பாக்கினாள். அது அவர்களுடையதாம்.

எட்டாம் மாடிக்கு நானும் ஏறிப்போனேன். பாட்டி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விரலால் ஒரு கோட்டைத் தொட்டு, "கதவு இந்தப் பக்கம் இல்ல மகள், அந்தப் பக்கம். ஆத்துக் காத்து வரும்னு உங்க தாத்தாதான் மாத்தி வச்சாரு" என்றார்.

பேத்தி அழிக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொரு கதவு வரைந்தாள்.