வியானா நகரும் அதன் மருத்துவக் கப்பலும்

சன்னல், சாவி, அலமாரி ஆகிய சொற்கள் போர்த்துக்கல் நாட்டாரோடு கப்பலேறி நம் இல்லங்களுக்கு வந்தவை என்பதை வாசகர் அறிவர். அந்நாட்டின் வடமேற்கே, லீமா நதி அட்லாண்டிக் மாகடலிற் கலக்குமிடத்தில் வியானா தொ காஸ்தெலோ என்னும் சிறு நகர் உள்ளது. திரிதெந்தின் பொதுச்சங்கத்திற் பங்கு கொண்ட பேராயர் பர்த்தலோமேயு இந்நகரின் துறவு மடத்திலேயே 1590-இல் இறைவனடி சேர்ந்தார். 2019-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்றார். 1977 முதல் இது தனி மறைமாவட்டத்தின் தலைநகராகும். எனினும் நாம் சொல்ல விழைவது ஒரு கப்பலின் வரலாற்றையே.

உப்பிட்டு உலர்த்திய 'காட்' மீன் இன்றேல் போர்த்துக்கீசியருக்குக் கிறிஸ்து பிறப்பு இராவிருந்து இல்லை. அம்மீன் கிடைத்ததோ தொலைவிலுள்ள நியூபவுண்லாந்து, கிரீன்லாந்துக் கடல்களில். இளவேனிலிற் புறப்பட்ட மீனவர் இலையுதிர் காலத்தில்தான் வீடு திரும்புவர். விடியலில் தாய்க்கப்பலிலிருந்து 'டோரி' என்னும் சிறு தோணிகள் இறக்கப்படும். தோணிக்கு ஒரே ஆள். துணைக்குத் தூண்டிற் கயிறு மட்டுமே. மூடுபனி கவிந்தால் தாய்க்கப்பல் கண்ணுக்குத் தெரியாது. கையிலே தூண்டில் முள் தைத்துச் சீழ் வைத்தால் என் செய்வது? நம் கடற்கரைப் பங்கு மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இம்மீன்பிடிக் கப்பற்படையைப் புதுப்பிக்கவே 1944-இல் வியானாவிற் புதிய கப்பல் கட்டும் துறை நிறுவப்பட்டது. அங்கே 1955-இல் 'ஜில் இயானெஸ்' மருத்துவக் கப்பல் உருவாயிற்று. அறுவைச் சிகிச்சைக் கூடம், எக்ஸ்ரே கருவி, மருத்துவர், இவற்றோடு ஒரு சிற்றாலயமும் ஆன்ம குருவும் அதில் இருந்தனர். வீட்டாரின் கடிதங்களையும் அதுவே சுமந்து சென்றது. (கடிதங்களையும் மருந்துக் கணக்கிற் சேர்க்கலாம் என்பது நம் எண்ணம்.)

1973-இல் அதன் கடைசி நியூபவுண்லாந்துப் பயணம் முடிந்தது. பின்னர் லிஸ்பன் துறைமுகத்திலே கேட்பாரற்றுத் துருவேறி, பழைய இரும்பு விலைக்குப் போகும் நிலையும் வந்தது. வியானா மக்கள் வாளாவிருக்கவில்லை. பணம் திரட்டி அதனை மீட்டு, 1998-இல் பிறந்த ஊருக்கே கொண்டுவந்தனர். இன்று அது அருங்காட்சியகம்.

பெற்ற துறைக்கு வந்த கதி வேறு. 1975-இல் அரசுடைமையான அது, 2014-இல் தனியார் கைக்கு மாறியது. சுமார் 600 தொழிலாளர் வேலையிழந்தனர். கப்பல்கள் இன்றும் அங்கே கட்டப்படுகின்றன. ஆயினும் அந்நாட்களின் கசப்பு எளிதில் மறக்கக்கூடியதன்று.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 20 'அகோனியா' மாதாவின் திருநாள். மரண வேதனை என்பது அச்சொல்லின் பொருள். முந்திய இரவு மீனவர் தெருக்களில் எவரும் உறங்குவதில்லை. வண்ண உப்பினாற் கோலமிடுகின்றனர். மறுநாள் மீனவர் தோளேறிவரும் அன்னையின் சுரூபம் படகேறிக் கடலுக்குச் செல்கிறது; அக்கோலங்களையும் கடக்கிறது.