மங்கோலியர் காலத்துச் சீனக் காசு

நடுவே சதுரத் துளையுடைய பழஞ்சீனச் செப்புக் காசுகளில் சோங் மன்னருடையவை எளிதிற் கிடைக்கின்றன. அடுத்து ஆண்ட மங்கோலியருடையவையோ அரியவை. காரணம் யாது? 1260-இல் குப்ளாய் கான் காகிதப் பணத்தை வெளியிட்டு, அதனையே நாடெங்கும் வழங்கச் செய்தான்; செப்புக் காசு வார்ப்பது அருகிற்று. 1310-இல் அவன் வழிவந்த கைசான், திபெத்தியத் துறவி பக்பா வகுத்த எழுத்துக்கள் பொறித்த பெருங்காசை வார்ப்பித்தான். 1311-இல் அவன் இறந்ததும் அதுவும் நின்றது. பின்னாளில் அரசு அளவின்றிக் காகிதம் அச்சிட, மக்கள் அதன்மீது நம்பிக்கை இழந்தனர்; 1368-இல் அவ்வாட்சியும் வீழ்ந்தது.

அரிய பொருளுக்குப் போலியும் மிகுதி. ஆகவே, இக்காசைத் தேடும் அன்பர்க்கு நாம் கூறுவது இதுவே: எழுத்தின் வடிவையும் களிம்பின் இயல்பையும் ஆய்ந்தறிந்தோரிடம் காட்டிய பின்னரே பொருள் கொடுங்கள். காகிதமோ செம்போ, நம்பத் தக்கதாயின் அன்றோ அதற்கு மதிப்பு!