ஒத்திப் பணம் யாருடையது?



தவக்காலத்தில் ஒரு மாலை, திருப்பலி முடிந்து கோயில் கதவைச் சாத்தும் நேரத்தில் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். கணவரை இழந்தவர். கையில் ஒரு நெகிழிப் பை, அதற்குள் 20 ரூபாய் பத்திரம் ஒன்று. மகளின் திருமணத்துக்கென்று சேர்த்ததையும் தம் நகைகளை விற்றதையும் ஒன்றாக்கி ஐந்து இலட்சம் ரூபாயை வீட்டுக்காரரிடம் கொடுத்து, மூன்று ஆண்டு ஒத்திக்கு ஒரு வீட்டில் குடியிருந்து வந்தார். கெடு முடிந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. மகளுக்கு ஓலை வாசிக்க நாளும் குறித்தாகிவிட்டது. "அடுத்த ஆள் வரட்டும் அம்மா, வந்தவுடனே தந்துவிடுகிறேன்" என்பதே வீட்டுக்காரரின் பதில்.

அந்த வீட்டுக்காரரும் நம் பங்கைச் சேர்ந்தவர்தான். ஞாயிறு தவறாதவர், அன்பியக் கூட்டங்களில் முன்நிற்பவர். ஏமாற்றுக்காரர் என்று அவரைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அப்படியென்றால் தவறு எங்கே நடந்தது? இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டோடு நிற்பதில்லை. நம் மதுரையில் புதூர், ஆனையூர், வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம் என்று எந்தத் தெருவில் நடந்தாலும் 'வீடு ஒத்திக்கு' என்ற அட்டை தொங்குகிறது. நம் மக்களில் பலர் ஒத்திக்குக் குடியிருக்கிறார்கள். சிலர் ஒத்திக்கு விட்டு அடுத்த வீடு வாங்குகிறார்கள்.

ஒத்தி என்பது என்ன? ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருப்பது. கெடு முடிந்ததும் கொடுத்த தொகை குறையாமல் திரும்ப வரவேண்டும். சென்னையில் இதையே லீஸ் என்பார்கள், வேறு ஊர்களில் போக்கியம் என்பார்கள். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை என்று கேட்கும்போது இருவருக்கும் நல்லதாகவே தோன்றுகிறது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 6,000 ரூபாய் வாடகை பெறும் வீட்டை ஐந்து இலட்சம் ஒத்திக்கு விட்டால், ஆண்டுக்கு 72,000 ரூபாய் வாடகையை வீட்டுக்காரர் இழக்கிறார். அதாவது ஐந்து இலட்சத்துக்கு நூற்றுக்குப் பதினான்கு ரூபாய்க்கும் மேல் வட்டி கட்டுகிறார். கையிலிருந்து பணம் போவது கண்ணில் படாததால் அது அவருக்கு வட்டியாகத் தெரிவதில்லை.

நம் சகோதரர் செய்தது இதுதான். சொந்த வீட்டின் மாடியை ஒத்திக்கு விட்டார். வந்த பணத்தோடு கொஞ்சம் கடனும் வாங்கி, பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார். பூச்சுப் பூசி, வெள்ளையடித்து அதையும் ஒத்திக்கு விட்டார். அந்தப் பணம் மூன்றாவது மனைக்கு முன்பணமாகப் போயிற்று. தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 சனவரியில் அடிக்கல் நாட்டியபோது திருமங்கலம் சாலையில் மனை வாங்கினால் பொன்னாகும் என்று பேசாதவர் யார்? ஆக, மூன்று சொத்துக்கும் அவர்தான் உரிமையாளர். ஆனால் கையில் ரொக்கம் இல்லை. ஒரு குடும்பம் வெளியேறினால் அடுத்த குடும்பத்தின் பணத்தை வாங்கித்தான் அதற்குக் கொடுக்கவேண்டும். அடுத்த குடும்பம் வரத் தாமதமானால் சங்கிலி அறுந்துபோகிறது. அறுந்த இடத்தில் நிற்பவர் இந்தத் தாய்.

எசாயா இறைவாக்கினர் வீட்டோடு வீடு சேர்த்துக்கொண்டே போவோரைக் கடிந்து பேசுகிறார் (எசா 5:8). அது அரண்மனை கட்டிய செல்வருக்கு மட்டும் சொன்னது என்று நினைத்துத்தான் நாம் அதைக் கடந்துபோகிறோம். இரண்டு வீடு வைத்திருப்பது பாவமா என்று சிலர் கேட்பதுண்டு. பாவமல்ல. உழைத்த பணத்தில் ஒரு வீட்டை வாங்கி, செப்பனிட்டு, நியாயமான வாடகைக்கு விடுபவர் ஒரு குடும்பத்துக்குக் கூரை தருகிறார். ரோமையில் பவுல் அடிகளார் இரண்டு ஆண்டுகள் தங்கி நற்செய்தி அறிவித்ததும் ஒரு வாடகை வீட்டில்தான் (திப 28:30). அந்த வீட்டுக்காரர் யாரென்று விவிலியம் சொல்லவில்லை. ஆனால் அவர் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால்?

ஒத்தியைப் பற்றித் திருச்சபை ஏற்கெனவே பேசியிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1163ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் தூர் நகரில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் தலைமையில் ஒரு சங்கம் கூடிற்று. கடன் கொடுத்து, ஈடாகப் பெற்ற நிலத்தின் விளைச்சலை முதலில் கழிக்காமல் அனுபவிப்பதும் வட்டியே என்று அது கண்டித்தது. அங்கே முதலில் குட்டு வாங்கியவர்கள் குருக்களும் துறவிகளும்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். அன்று கடன் கொடுத்தவர் வலியவர், நிலத்தை ஈடு வைத்தவர் எளியவர். பிற்காலத்தில் 1745இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வட்டியைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதி, கடன் கொடுத்தவர் வேறு நியாயமான காரணங்களுக்காக ஈடு பெறுவதற்கு இடமளித்தார். ஆகவே இன்று ஒத்திக்குக் குடியிருப்பவரை வட்டிக்காரர் என்று நாம் சொல்லப்போவதில்லை.

நம் ஊரில் நிலைமை தலைகீழாகிவிட்டது. இங்கே கடன் கொடுப்பவர்தான் எளியவர். வாங்குபவரோ வீடு உள்ளவர். இணைச்சட்ட நூலில் கடன் கொடுத்தவர் அடகை வாங்க மற்றவரின் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்கவேண்டும் என்றும், ஏழையின் போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும் காண்கிறோம் (இச 24:10-13). கடன் கொடுத்தவரா, வாங்கியவரா என்று அந்தச் சட்டம் பார்ப்பது எதற்காக? அன்றிரவு குளிரில் கிடப்பவர் யார் என்பதற்காகத்தான். இந்த ஐந்து இலட்சமே அந்தத் தாயின் போர்வை.

சட்டத்தின் பக்கத்தையும் கொஞ்சம் அறிந்துகொள்ளவேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, ஒத்தி என்பது அனுபவத்தோடு கூடிய அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட எந்த ஒத்தியும் இரண்டு சாட்சிகளோடு எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டால்தான் வீட்டின் மேல் உரிமை தரும். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி டிரங்குப் பெட்டியில் வைப்பது நம் வழக்கம். அந்தத் தாளை வைத்துக் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம், ஆனால் வீட்டின் மேல் பிடி இருக்காது. பதிவாகாத ஒத்தி வில்லங்கச் சான்றில் தெரியாது. அதனால் அதே வீட்டைக் காட்டி இன்னொருவரிடம் பணம் வாங்கவும் முடிகிறது. வங்கியில் ஏற்கெனவே அடமானம் இருந்தால், பின்னால் வந்த ஒத்தி வங்கிக்குப் பின்னால்தான் நிற்கும். கடன் கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போகும்போது குடியிருப்பவர் தெருவில் நிற்பார். எனவே பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுங்கள், மூலப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். 'நம்ம கோயில்காரர்தானே' என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரர்களே, பதிவு செய்ய வாருங்கள் என்று நீங்களே முதலில் கூப்பிடுங்கள்.

மாத வாடகைக்கு விடுவோருக்கு 2019 பிப்ரவரி 22 முதல் தமிழகத்தில் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அது அளவாக வைத்திருக்கிறது. குடியிருப்பவரோடு மனத்தாங்கல் என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது. வீட்டைப் பார்க்கவேண்டுமானால் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வரவேண்டும். வெளியே நிற்கவேண்டும் என்று இணைச்சட்டம் சொன்னதும் இதுவும் எவ்வளவு நெருங்கி வருகின்றன, பாருங்கள். மின்சாரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2016இல் அரசு அறிவித்த 100 யூனிட் இலவசத்தைத் தாமே வைத்துக்கொண்டு, குடியிருப்பவரிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று முதல் யூனிட்டிலிருந்தே வசூலிக்கும் வீட்டுக்காரர்களும் நம் கோயிலில் உண்டு. இது சின்ன விஷயம் என்று அவர்கள் சொல்லலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சின்ன விஷயத்தைச் சுமப்பவரைக் கேட்டுப்பாருங்கள்.

புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பு, யாரும் விழுந்து இரத்தப் பழி வராதிருக்கட்டும் என்பதும் இறைவன் தந்த சட்டம்தான் (இச 22:8). பழைய வீட்டை வாங்கிச் செப்பனிடுவோர் வெள்ளையடிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். தளத்தில் நீர் இறங்கினால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது. பருத்த கம்பி கீழே உள்ள காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. தொட்டிலுக்கு மேலே பெயர்ந்து விழும் அந்தக் காரையை ஒரு பெயிண்ட் டப்பா தாங்குமா? மேலே தட்டோடு பதித்து ஒழுக்கை அடைத்து, துருப்பிடித்த இடத்தைக் கொத்தனாரை வைத்துச் சரிசெய்த பிறகு வெள்ளையடியுங்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் விடமுடியவில்லை. வீடு கேட்டு வருபவரிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி முதலில் வருகிறது. கழுத்தில் செபமாலை போட்டிருந்தாலும் அந்தக் கேள்வி நிற்பதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவில் சத்திரத்தில் இடம் கிடைக்காத திருக்குடும்பத்துக்காகக் குடில் கட்டுகிறோம். அதே தெருவில் நம் வீட்டு அட்டையைப் பார்த்து வந்த தலித் குடும்பத்தை 'ஆள் வந்துவிட்டது' என்று பொய் சொல்லி அனுப்புகிறோம்.

அந்தத் தாயின் கதைக்கு வருவோம். நாம் வீட்டுக்காரரைப் பங்கு இல்லத்துக்கு அழைத்தோம். முதலில் கோபித்தார், பிறகு கணக்கை ஒரு தாளில் எழுதிக்காட்டினார். எழுதும்போதே அவர் முகம் மாறிற்று. மூன்றாவது மனையை வாங்கிய விலைக்கும் குறைவாகவே விற்றார். பாஸ்காவுக்கு முந்தின வாரம் மூன்று இலட்சமும், மீதி இரண்டு இலட்சம் வைகாசியிலும் கொடுத்து முடித்தார். இடையில் திருமணத்துக்கு அந்தத் தாய் வெளியே கடன் வாங்கியிருந்தார். அதற்கான வட்டியையும் வீட்டுக்காரரே கட்டினார். அவர் இப்போது கீழ்வீட்டை மாத வாடகைக்கு விட்டிருக்கிறார், ஒப்பந்தத்தைப் பதிவும் செய்திருக்கிறார்.