ஆறு சேனல் எங்கே இரண்டானது?

2021 ஜூலை 22 அன்று பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வெளியானது. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய படம். ஆனால் வடசென்னையின் எந்தத் தியேட்டரிலும் ஓடவில்லை. கொரோனா காலம் என்பதால் நேராக அமேசான் பிரைமுக்கு வந்தது. தண்டையார்பேட்டையின் பழைய அகஸ்தியா தியேட்டர் அதற்கு முந்தைய ஆண்டே மூடப்பட்டிருந்தது. ராயபுரத்துக்காரர்கள் தங்கள் ஊர்க் கதையை வீட்டு டிவியில்தான் பார்த்தார்கள்.

குத்துச்சண்டைப் படத்துக்கு ஒலி பாதி உயிர். குத்து விழும் சத்தம் எதிரே கேட்க வேண்டும். ஆரவாரம் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடு வந்த நாளிலிருந்தே தமிழ் ரசிகனின் காது இதற்குப் பழகிவிட்டது. டிவியின் மெல்லிய முதுகில் ஒட்டியிருக்கும் குட்டி ஸ்பீக்கர்களால் அது ஆகாது. அதனால்தான் எர்ணாவூர் அடுக்குமாடியிலும் காசிமேட்டுச் சந்திலும்கூட டிவிக்குக் கீழே சவுண்ட்பார் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வாங்கிய பிறகு வரும் புலம்பலும் ஏறக்குறைய ஒன்றுதான். “அட்டைப்பெட்டியில 5.1னு போட்டிருக்கு, பின்னாடி ஸ்பீக்கர் பேசவே மாட்டேங்குது.” அல்லது, “பாட்டு வந்தா காது கிழியுது, டயலாக் ஒண்ணும் வெளங்கல.” பெரும்பாலான வீடுகளில் சவுண்ட்பாரில் கோளாறே இருக்காது. படத்திலிருந்து பார் வரைக்கும் உள்ள வழியில் ஏதோ ஓரிடத்தில் ஆறு சேனல் இரண்டாகச் சுருங்கியிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் போதும். கடைக்குத் திருப்பி எடுத்துப்போக வேண்டியதில்லை.

5.1 என்றால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று. வசனம் பெரும்பாலும் முன்னால் நடுச் சேனலில் இருக்கும். ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் இந்த ஆறையும் பெரும்பாலும் ‘டால்பி டிஜிட்டல் பிளஸ்’ வடிவில் சுருக்கி அனுப்புகின்றன. தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் அட்மாஸும் அதற்குள்ளேயே வருகிறது. நெட் வேகம் போதவில்லையோ என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். 2019-ல் தரத்தை உயர்த்திய பிறகும் நெட்ஃபிளிக்ஸ் 5.1 ஒலிக்கு அதிகபட்சம் விநாடிக்கு 640 கிலோபிட், அட்மாஸுக்கு 768 கிலோபிட்தான் எடுத்துக்கொள்கிறது. 1 மெகாபிட்கூட இல்லை. படம் தெளிவாக ஓடும் வீட்டில் ஒலிக்கு நெட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது படத்தையே. ஆப்பில் ஆடியோ மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைத் திறந்தால், சில தடங்களுக்குப் பக்கத்தில் 5.1 என்று இருக்கும், சிலவற்றில் இருக்காது. மூலமொழியில் 5.1 இருந்து, தமிழ் டப்பிங் வெறும் ஸ்டீரியோவாக இருப்பதும் உண்டு. அட்மாஸ் வேண்டுமென்றால் நெட்ஃபிளிக்ஸில் பிரீமியம் பிளான் எடுத்திருக்க வேண்டும். பழைய படங்களிலும் கேபிள் சேனல்களிலும் இரண்டு சேனலுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்து இணைப்பு. சவுண்ட்பாரை புளூடூத்தில் இணைத்துவிட்டு சரவுண்ட் வரவில்லை என்று தேடுகிறவர்கள் ஏராளம். டிவியிலிருந்து பாருக்குப் போகும் புளூடூத்தில் இரண்டு சேனல்தான் போகும். போதாததற்கு உதட்டசைவும் குரலும் விலகும். ஆக்ஸ் ஒயரும் இரண்டு சேனல்தான். ஆப்டிகல் ஒயர் பழைய டால்பி டிஜிட்டல் 5.1-ஐத் தாங்கும், டால்பி டிஜிட்டல் பிளஸையும் அட்மாஸையும் தாங்காது. சரியான வழி எச்.டி.எம்.ஐ. அதிலும் எல்லா ஓட்டையும் உதவாது, டிவியில் ‘ஏ.ஆர்.சி’ அல்லது ‘இ-ஏ.ஆர்.சி’ என்று எழுதிய ஒன்றே ஒன்றுதான் ஒலியை வெளியே அனுப்பும். 2009-ல் வந்த ஏ.ஆர்.சி-யே ஸ்ட்ரீமிங் 5.1-க்குப் போதும், பெரும்பாலான டிவிகளில் அட்மாஸும் அதில் போய்விடும். இதற்காகப் புது டிவி வாங்கத் தேவையில்லை. ஏ.ஆர்.சி வேலை செய்ய, அநேக டிவிகளில், இணைத்த கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் ‘சி.இ.சி’ வசதியையும் ஆன் செய்ய வேண்டும். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது.

ஒயர் சரி, ஓட்டை சரி, ஆனாலும் சரவுண்ட் இல்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் டிவியின் ஒலி மெனுவில் இருக்கிறது. ‘டிஜிட்டல் அவுட்புட்’ என்ற இடத்தில் பி.சி.எம், ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், பாஸ்த்ரூ என்று ஏதாவது இருக்கும். எண்ணூர்த் துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னரை நினைத்துக்கொள்ளலாம். பாஸ்த்ரூவில் சீல் உடைக்காமல் அப்படியே பார் வரை போகிறது, பார்தான் பிரிக்கிறது. பி.சி.எம் வைத்தால் டிவி வழியிலேயே பிரித்து, ஆறு சரக்கையும் இரண்டு மூட்டையில் திணித்து அனுப்பிவிடும், ஏனென்றால் சாதாரண ஏ.ஆர்.சி-யில் பிரித்த நிலையில் இரண்டு சேனலுக்குத்தான் இடம். நடுச் சேனல் வசனம் இசையோடு கலந்து அமுங்குவதும் இப்படித்தான். பாஸ்த்ரூ அல்லது ஆட்டோவுக்கு மாற்றிவிட்டு, பாரின் முகப்பில் டால்பி என்று எழுத்து வருகிறதா, விளக்கின் நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். 5.1 தடம் ஓடும்போது அந்த எழுத்து வந்துவிட்டால், பெரும்பாலும் சரக்கு முழுதாக வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

ஃபயர் ஸ்டிக் போன்ற குச்சி செருகியிருந்தால் அதற்குள்ளும் தனியாக ஒரு ஒலி மெனு உண்டு. அங்கேயும் சரவுண்ட் திறந்திருக்க வேண்டும். சில பழைய டிவிகள், வெளியிலிருந்து வரும் ஒலியை ஏ.ஆர்.சி-யில் அனுப்பும்போது ஸ்டீரியோவாகக் குறைத்துவிடும். சவுண்ட்பாரிலேயே எச்.டி.எம்.ஐ உள்ளீடு இருந்தால் குச்சியை அதில் செருகுவது நல்லது.

எல்லாம் சரியாக இருந்து, நேற்று வரை வந்த சத்தம் இன்று திடீரென்று போனால் கரண்ட்டை நினைக்க வேண்டும். மின்சாரம் போய் வந்ததும் டிவியும் பாரும் ஒன்றையொன்று அடையாளம் காணாமல் நின்றுவிடுவது உண்டு. இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டுச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டு விட்டுக் கேட்டால் கடலோர வீடுகளில் சந்தேகிக்க வேண்டியது உப்புக் காற்றை. ஒயர் முனையின் உலோகத்தில் களிம்பு ஏறும். கரண்ட்டை அணைத்துவிட்டு ஒயரைக் கழற்றி, மெக்கானிக்குகள் வைத்திருக்கும் காண்டாக்ட் கிளீனரால் துடைக்கலாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஒயரை மாற்றிப் பார்க்க வேண்டும். பாரைக் கழற்றிப் பார்க்க அவசரப்பட வேண்டாம்.

பின் ஸ்பீக்கர் இன்னும் மௌனமா? காட்சியை மாற்றிப் பார்க்கலாம். இரண்டு பேர் அறையில் உட்கார்ந்து பேசும் காட்சியில் பின் சேனலில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது இயல்பு. மழை, கூட்டம், சண்டை வரும் காட்சிதான் சோதனைக்கு ஏற்றது. வயர்லெஸ் ஸ்பீக்கர் என்றால் அதன் விளக்கு விட்டுவிட்டு மின்னாமல் நிலையாக எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாரே 2.1 வகை என்றால் பின்னால் எதுவும் இருக்காது. எந்த மெனுவும் அதை மாற்றாது.

கடைக்காரர்கள் சொல்லாத விஷயம் ஒன்று. மேல்நோக்கி ஒலி வீசும் அட்மாஸ் பார், ஒலியைக் கூரையில் மோதவிட்டுத் திருப்புகிறது. அதற்குச் சமதளமான, கெட்டியான கூரை சுமார் 8 முதல் 12 அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். திருவொற்றியூரின் சாய்வான ஷீட் கூரையிலும், ராயபுரத்தின் பழைய மரச்சட்ட மெட்ராஸ் டெரஸிலும் அந்த ஒலி சிதறிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, அதே பணத்தில் உண்மையான பின் ஸ்பீக்கர் உள்ள 5.1 செட்தான் நல்லது.

டயலாக் கேட்காத குறைக்கு ஊரும் ஒரு காரணம். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி ஓடும் வீடுகளில் வெளிச்சத்தம் மெல்லிய பேச்சை விழுங்கிவிடும். வால்யூமை ஏற்றினால் அடுத்த வெடிச்சத்தம் வீட்டையே அதிர வைக்கும். இதற்காகவே பாரில் ‘நைட் மோட்’ இருக்கிறது. பெரிய சத்தத்தை அடக்கிச் சிறிய சத்தத்தை உயர்த்தும். குரல் அளவைத் தனியாக ஏற்றும் வசதியும் பல பார்களில் உண்டு. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் நிறைய இருக்கும் பகுதி இது. சுவரும் பல வீடுகளுக்குப் பொதுச் சுவர். சப்வூஃபரை மூலையிலிருந்தும் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்தும் தள்ளி, அடியில் கனமான ரப்பர் விரிப்புப் போட்டு வைத்தால் அதிர்வு அந்தப் பக்கம் போவது நன்றாகவே குறையும்.