கடலுக்கு வந்த சிங்கம்
தீபாவளி விடுமுறையில் குஜராத் குடும்பங்கள் டையூவுக்கும் கிர் காட்டுக்கும் படையெடுக்கின்றன. காட்டில் இடம் போதாத சிங்கங்களோ அதே கடற்கரையை நோக்கி நடந்துகொண்டிருக்கின்றன.

உனாவைத் தாண்டி கோக்லா பாலத்தை நெருங்கும்போதே உப்புக் காற்று முகத்தில் அடிக்கிறது. தீபாவளி முடிந்த கையோடு இந்தப் பாலத்தில் கார்கள் எறும்பு வரிசையில் ஊர்கின்றன. எல்லாவற்றிலும் குஜராத் நம்பர் பிளேட். முன்சீட்டில் தாத்தா. பின்சீட்டில் பாட்டி, மருமகள், மடிக்கு ஒரு குழந்தை. டிக்கியில் நாலு நாளைக்குக் கெடாத தேப்ளாவும் ஊறுகாயும் டப்பா டப்பாவாக. பாலத்துக்கு அந்தப் பக்கம் டையூ தீவு. குழந்தைகளின் கேள்வி மட்டும் கடலைப் பற்றியதில்லை: சிங்கம் பார்க்க எப்போது போகிறோம்?

இந்த அவசரத்துக்குக் காரணம் பஞ்சாங்கம். குஜராத்தி வியாபாரி தீபாவளியன்று புதுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை போட்டுக் கடையைச் சாத்தினால், லாப பஞ்சமியன்றுதான் மறுபடி திறப்பது வழக்கம். பள்ளிகளுக்கு மூன்று வார விடுமுறை. ஆண்டு முழுவதும் கல்லாப்பெட்டியை விட்டு நகராத குடும்பத் தலைவருக்குக் கிடைப்பதோ இந்த நாலைந்து நாட்கள்தான். அதற்குள் கடலும் பார்த்தாக வேண்டும், காடும் பார்த்தாக வேண்டும். சவுராஷ்டிராவின் தென்கோடியில் இரண்டும் சுமார் 100 கி.மீ. இடைவெளியில் கிடைக்கின்றன. மழைக்காலத்தில் நாலு மாதம் மூடிக் கிடக்கும் கிர் காடும் அக்டோபர் 16-ம் தேதி திறந்துவிடுகிறது. பண்டிகையும் காடும் ஏறக்குறைய ஒன்றாகக் கதவைத் திறக்கின்றன.

டையூ சின்னத் தீவுதான். பரப்பு 40 சதுர கி.மீ. கூட இல்லை. 1535-ல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவுடன் உடன்பாடு செய்துகொண்டு இங்கே கோட்டை கட்டிய போர்ச்சுகீசியர், 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் வரும் வரை நகரவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற கோட்டை கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கிறது. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த செயின்ட் பால் தேவாலயம் இன்னமும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கோட்டைக்குக் கல் வெட்டியெடுத்த நைடா குகைகளில் இன்று புதுமணத் தம்பதிகள் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஹோக்கா மரங்கள், பனைபோல் இருந்தும் கிளை விட்டு, பார்ப்பவரைக் குழப்புகின்றன.

குடும்பம் நாகோவா கடற்கரையில் இறங்குகிறது. லாட வடிவ விரிகுடா, அலை அதிகமில்லை. பாட்டி சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி கணுக்கால் நனைக்கிறார். பேரன் வாட்டர் ஸ்கூட்டருக்கு அடம் பிடிக்கிறான். குடும்பத் தலைவருக்கு இன்னொரு ரகசியத் திட்டமும் உண்டு. குஜராத்தில் 1960-ல் மாநிலம் பிறந்த நாளிலிருந்தே மதுவிலக்கு. யூனியன் பிரதேசமான டையூவில் அது கிடையாது. திரும்பும் வழியில் உனா பக்கத்தில் போலீசார் டிக்கியைத் திறந்து பார்ப்பதற்கு தேப்ளா காரணமில்லை.

கூட்டம் அவ்வளவாக எட்டிப் பார்க்காத இடம் ஒன்றும் இங்கே உண்டு. கடலைப் பார்த்தபடி ஒரு மேட்டில், கண்ணாடிக்குள் ஒரு கப்பலின் மாதிரி. 1971 டிசம்பர் 9-ம் தேதி இரவு, டையூவுக்கு அப்பால் கடலில் பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்த ஐ.என்.எஸ். குக்ரியின் நினைவிடம். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதில் மாண்டனர். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தப்பிக்க வாய்ப்பிருந்தும் கப்பலை விட்டு இறங்கவில்லை. விடுமுறைக் கூட்டத்தில் ஒரு சிலராவது இங்கே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலை பயணம் சாசன் கிர் நோக்கி. வழியெல்லாம் தாலாலாவின் புகழ்பெற்ற கேசர் மாந்தோப்புகள். தோப்புகளுக்கு நடுவே முளைத்திருக்கும் விடுதிகளின் போர்டுகளில் எல்லாம் சிங்கத்தின் முகம்.

இங்கேதான் பல குடும்பங்களுக்கு முதல் அடி விழுகிறது. காட்டுக்குள் செல்ல அனுமதிச் சீட்டை அரசு இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். ஒரு வேளைக்குச் சில பத்து ஜிப்ஸிகளுக்குத்தான் அனுமதி. தீபாவளி வாரத்துச் சீட்டுகள் வாரக்கணக்கில் முன்பாகவே தீர்ந்துவிடுகின்றன. அரசு இணையதளம் போலவே தோற்றம் கொண்ட போலித் தளங்களில் பணம் கட்டி ஏமாந்து, வாசலில் வந்து நிற்பவர்களும் உண்டு. சீட்டு கிடைக்காதவர்களுக்கு ஆறுதல், வேலியிட்ட தேவலியா பூங்கா. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சிங்கம் ஏறக்குறைய நிச்சயம். உண்மையான காட்டில் அந்த நிச்சயம் கிடையாது. அதிலும் மழை முடிந்த கையோடு தேக்கு இலைகள் அடர்ந்து நிற்கும் அக்டோபர், நவம்பரில் பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் சிங்கம்கூடக் கண்ணில் படாமல் போகலாம். அது இலை உதிர்ந்த கோடையில்தான் சுலபமாகத் தெரியும். மக்கள் அதிகம் வரும் பருவமும் சிங்கம் தெரியும் பருவமும் வேறு வேறு.

என்றாலும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: சிங்கம் நிச்சயம் தெரியுமா? அந்த 'நிச்சயம்' என்ற சொல்லில்தான் கிர்ரின் இன்றைய சிக்கல் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஆசியச் சிங்கம் காட்டில் சுதந்திரமாகத் திரிவது உலகில் இந்த ஒரு வட்டாரத்தில்தான். ஒரு காலத்தில் மேற்கு ஆசியாவிலிருந்து கிழக்கிந்தியா வரை திரிந்த இனம். வேட்டையில் அழிந்து, கடைசியில் ஜூனாகத் நவாப்பின் காட்டில் மட்டும் ஒண்டியது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவாப்புகள் வேட்டையைக் கட்டுப்படுத்தியதால்தான் பிழைத்தது. 1965-ல் கிர் சரணாலயமானது. 1975-ல் அதன் நடுப்பகுதியில் 259 சதுர கி.மீ. தேசியப் பூங்காவானது. சரணாலயமும் பூங்காவும் சேர்ந்து சுமார் 1,412 சதுர கி.மீ.

1968 கணக்கெடுப்பில் இருந்த சிங்கங்கள் 177. 2010-ல் 411, 2015-ல் 523, 2020-ல் 674. 2025 மே மாதக் கணக்கெடுப்பில் 891. இதில் 225 குட்டிகள். உலகில் எந்தப் பெரிய மாமிசபட்சிணிக்கும் இப்படியொரு மறுவாழ்வு எளிதில் கிடைத்ததில்லை. ஆனால் சிங்கம் பெருகிய வேகத்தில் காடு பெருகவில்லை. பூங்காவும் சரணாலயமும் கொண்ட கிர்ருக்குள் இன்று பாதிக்கும் குறைவான சிங்கங்களே வசிக்கின்றன. மற்றவை 11 மாவட்டங்களில், வயல்களிலும் தோப்புகளிலும் ஊர்ப்புறங்களிலும் பரவியிருக்கின்றன.

அவை போன வழிகளில் முக்கியமானது கடற்கரை. கோடினார், உனா, ராஜூலா வட்டாரங்களில் சீமைக் கருவேலம் புதராக மண்டிக் கிடக்கிறது. பகலில் படுக்க அது போதும். இரவில் இரைக்குக் காட்டுப்பன்றியும் நீல்காயும் உண்டு. ஊர்க்கோடியில் வீசப்படும் செத்த மாடுகளும் உண்டு. கடற்கரைப் பகுதிகளில் மட்டும் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட சிங்கங்கள். 2023-ல் அரபிக் கடலின் அலையோரத்தில் ஒரு சிங்கம் நின்று கடலைப் பார்க்கும் புகைப்படம் நாடெங்கும் கைபேசிகளில் வலம் வந்தது. பார்த்தவர்கள் அழகு என்றார்கள். இடமில்லாமல் வந்த விலங்கு என்று நினைத்தவர்கள் குறைவு.

கிராமத்தார் இதற்குப் பெரிதாகப் பதறவில்லை என்பது வெளியூர்க்காரர்களை வியக்க வைக்கும். பயிரைத் துவம்சம் செய்யும் பன்றியையும் நீல்காயையும் சிங்கம் விரட்டினால் விவசாயிக்கு லாபம். மாடு போனால் அரசு நஷ்டஈடு தருகிறது. காட்டுக்குள் 'நெஸ்' எனப்படும் முள்வேலிக் குடியிருப்புகளில் எருமை வளர்க்கும் மால்தாரிகள், எருமையைச் சிங்கம் தூக்கினாலும் அதோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகியவர்கள். தாக்குதல்கள் நடக்காமலில்லை. ஆனாலும் சிங்கத்தை விஷம் வைத்துக் கொல்லும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை. 891 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெரிய காரணம் இந்தப் பொறுமைதான்.

காட்டுக்கு வெளியே சிங்கத்துக்கு வேறு எதிரிகள். சுவரில்லாத கிணறு, நெடுஞ்சாலை, பிபாவாவ் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் ரயில். 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 286 சிங்கங்கள் இறந்ததாகக் குஜராத் அரசு சட்டமன்றத்தில் சொன்னது. அதில் 58 சாவுகள் இயற்கையானவை அல்ல: வாகனம் மோதியவை, கிணற்றில் விழுந்தவை.

இன்னொரு எதிரி, சீட்டு கிடைக்காத சுற்றுலாப் பயணியின் ஆசை. காட்டுக்கு வெளியே சிங்கம் திரிவதால், ராத்திரியில் ரகசியமாகக் காட்டித் தர ஆள் கிடைக்கிறது. கோழியையோ மாட்டையோ இரையாகக் கட்டி வைத்து, சிங்கம் வந்ததும் விளக்கு அடித்துக் காட்டும் இந்தக் கூத்துக்கு உள்ளூரில் 'லயன் ஷோ' என்று பெயர். ஒரு பெண் சிங்கத்தின் முன் கோழியை ஆட்டிக் காட்டும் காணொளி 2018 மே மாதம் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. சம்பந்தப்பட்டவர்கள் பிடிபட்டு, 2021-ல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. தண்டனைக்குப் பிறகும் ஆசை குறையவில்லை. மனிதர் கையால் இரை தின்று பழகிய சிங்கம், நாளைக்கு மனிதரை அணுக அஞ்சாது. நிச்சயமாகப் பார்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு விலை கொடுப்பது சுற்றுலாப் பயணி இல்லை. அந்த ஊரில் இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சப் போகும் விவசாயி.

எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைத்திருப்பதன் அபாயம் 2018 செப்டம்பரில் தெரிந்தது. கிர்ரின் தல்கானியா சரகத்தில் சில வாரங்களில் 23 சிங்கங்கள் மடிந்தன. அவற்றில் சிலவற்றின் உடலில் நாய்களுக்கு வரும் 'டிஸ்டெம்பர்' வைரஸ் இருந்தது. அமெரிக்காவிலிருந்து அவசரமாகத் தடுப்பூசி வந்தது. இப்படியொரு நோய் வரலாம் என்ற அச்சத்தில்தான், சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டிருந்தது. கெடு ஆறு மாதம். குஜராத்தின் பெருமையைப் பங்குபோட மாநிலத்துக்கு மனம் வரவில்லை. சிங்கம் குனோவுக்குப் போகவில்லை. 2022 செப்டம்பரில் அங்கே வந்து இறங்கியவை ஆப்பிரிக்கச் சிவிங்கிப் புலிகள். குஜராத்தோ போர்பந்தர் அருகே உள்ள பர்டா குன்றுகளை இரண்டாவது வீடாகக் காட்டுகிறது. 2023-ல் ஒரு சிங்கம் தானாகவே நடந்து அங்கே போய்ச் சேர்ந்தது. 2025-ல் அங்கே 17.

காட்டைச் சுற்றியுள்ள நிலத்தைக் காப்பாற்றும் முயற்சியும் சுலபமாக இல்லை. 196 கிராமங்களை உள்ளடக்கிய சூழல் பாதுகாப்பு மண்டலத்துக்கான வரைவை மத்திய அரசு 2024 செப்டம்பரில் வெளியிட்டதும் விவசாயிகள் எதிர்ப்பில் இறங்கினார்கள். கிணறு வெட்டவும் வீடு கட்டவும் வனத்துறை வாசலில் நிற்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. சிங்கத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். விடுதிகள் சம்பாதிப்பதோ அந்தச் சிங்கத்தின் பெயரைச் சொல்லி. கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இதெல்லாம் ஜிப்ஸியில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குத் தெரிய வாய்ப்பில்லை. மூன்று மணி நேரம் குலுங்கியாகிவிட்டது. புள்ளிமான் கூட்டம் பார்த்தார்கள். மயில் பார்த்தார்கள். ஓரிடத்தில் வழிகாட்டி வண்டியை நிறுத்தி, ஈரமண்ணில் அகலமான காலடித் தடத்தைக் காட்டினார். பேரன் இறங்கித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றான், இறங்க அனுமதியில்லை. கைபேசியில் அதையாவது படம் பிடித்துக்கொண்டார்கள். வாசலுக்குத் திரும்பியபோது குடும்பத் தலைவர் முகத்தில் கடையில் நஷ்டக் கணக்கு எழுதியவரின் சோர்வு.

அவர் அப்படி நினைக்கத் தேவையில்லை. சிங்கம் தான் விரும்பினால் மறைந்துகொள்ள முடிகிற காடு இன்னமும் மிச்சமிருக்கிறது என்பதற்கு அந்த வெறும் காலடித் தடம் சாட்சி. கட்டணம் கட்டியவர் முன் கட்டாயம் வந்து நிற்கும் சிங்கம் தேவலியாவில் இருக்கிறது. அதற்கு வேலியும் இருக்கிறது.

சாயங்காலம் குடும்பம் மறுபடி டையூ திரும்புகிறது. மறுநாள் கடலில் கடைசிக் குளியல், அப்புறம் ஊர், லாப பஞ்சமி, கடை. உனா சாலையில் இருட்டத் தொடங்கிவிட்டது. இருபுறமும் கரும்புத் தோட்டம், கருவேலம்புதர். பின்சீட்டில் பேரன் சிங்கத்தைப் பார்க்காத ஏமாற்றத்தில் தூங்கிவிட்டான். தாத்தா மட்டும் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்கிறார். பாதையில் எது குறுக்கே வரும் என்று இந்தப் பகுதியில் யாராலும் சொல்ல முடியாது.