அண்டத்தை அளக்கும் விளக்கு

சுங்கை வேயிலிருந்து கிள்ளான் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவில் நின்று பார்த்தால், அருகிலுள்ள விளக்கு பளிச்சென்றும் தொலைவிலுள்ளது மங்கியும் தோன்றும். விளக்குகள் யாவும் ஒரே ஒளியுடையவை என்று தெரிந்தால், மங்கலைக் கொண்டே தொலைவைக் கணித்துவிடலாம். தொலைவு இருமடங்கானால் நம்மை வந்தடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். அண்டத்தை அளக்க விரும்பிய வானநூலாரும் இத்தகைய ஒரே அளவான விளக்கையே வானத்தில் நெடுங்காலம் தேடினர். அவ்விளக்கின் இயல்பை விளக்குவதற்குத் தமிழர் ஒருவரின் கணக்குத் துணை நிற்கின்றது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டு உயர்கல்விக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 19. அப்பயணத்தில் தொடங்கிப் பின்னர்ச் செப்பமுற்ற அவருடைய கணக்கின் முடிவு யாதெனின், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதாம். அவ்வெல்லை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935இல் இலண்டனில், அரச வானியற் கழகக் கூட்டத்தில், பேரறிஞர் எடிங்டன் இம்முடிவை எள்ளி மறுத்தார். ஆயினும் கணக்கு பொய்க்கவில்லை. 1983இல் சந்திரசேகர் நோபெல் பரிசு பெற்றார்.

இனி விளக்கின் செய்தியைப் பார்ப்போம். வெண்குறு விண்மீன் ஒன்று தன் துணை மீனிடமிருந்து பொருளைக் கவர்ந்து அவ்வெல்லையை நெருங்குமாயின், அதனுள் இருக்கும் கார்பன் அணுக்கள் பிணையத் தொடங்கி, மீன் முழுவதும் வெடித்துச் சிதறும். இதனை 'ஒன்று-ஏ' வகைச் சூப்பர்நோவா என்பர். வெடிப்பதற்கு வேறு வழிகளும் உண்டு. எனினும் இவ்வகை வெடிப்புகளின் உச்ச ஒளி பெரிதும் ஒத்திருக்கும். மிகுதியாக ஒளிர்வது மெதுவாக மங்கும். ஆதலின் எஞ்சிய வேறுபாட்டையும் திருத்திக் கொள்ளலாம். சூரியனைப்போல் சில நூறு கோடி மடங்கு ஒளிர்வதால், மிகத் தொலைவிலும் இவை புலப்படும்.

அண்டம் விரிவது முன்பே தெரியும். ஈர்ப்பு விசையால் அவ்விரிவின் வேகம் குறைந்து வரும் என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1998இல், தொலைவான சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததினும் மங்கலாக, அதாவது இன்னும் தொலைவில் இருப்பதை, இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டன. விரிவின் வேகம் கூடுகிறது என்பதே இதன் பொருள். இதற்காகப் பெர்ல்மட்டர், சிமிட், ரீஸ் ஆகிய மூவரும் 2011இல் நோபெல் பரிசு பெற்றனர். வேகத்தைக் கூட்டும் பொருளுக்கு 'இருண்ட ஆற்றல்' என்று பெயர் வைத்திருக்கிறார்களேயன்றி, அதன் இயல்பு இன்னும் விளங்கவில்லை.

1995இல் மறைந்த சந்திரசேகர் இக்கண்டுபிடிப்பைக் காணவில்லை. அவர் தமிழர் என்று சொல்லி மாணவர்களைப் பெருமிதம் கொள்ளச் செய்வது எளிது. அத்துடன் நின்றுவிடாமல், 1.4 என்னும் எண் எதைக் குறிக்கிறது என்பதையும் அவர்களுக்கு விளங்க வைப்பதே ஆசிரியர்களாகிய நம் கடமை.